சித்தப்பாவின் முப்பத்தோராவது வரைவு

சித்தப்பா இஸ்திரிப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஆனால் இஸ்திரிப்பெட்டியை அவர் தொடுவதே இல்லை. வாங்குகிற பெட்டிக்குள் ஒரு தாளை எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, பிரித்ததும் நாம் குப்பையில் போடுவோமே, அதை எழுதுகிறவர் அவர். பத்தொன்பது வருடமாக எழுதுகிறார். எங்கள் வீட்டில் ஒருவர்கூட அதைப் படித்ததில்லை. எனக்குத் தெரிந்து உலகத்திலேயே அவருக்கு ஒரே ஒரு வாசகர்தான் இருந்தார். அவரால்தான் இத்தனையும்.

அந்த வாசகர் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். "இஸ்திரிப்பெட்டி இருக்கும் இடத்தில் குழந்தைகள் இருக்கக் கூடாது என்று தாளில் எழுதியிருந்தீர்கள். அதன்படி எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரையும் மச்சினி வீட்டில் விட்டிருக்கிறோம். மூன்று மாதம் ஆகிறது. பெட்டி நன்றாக வேலை செய்கிறது. பிள்ளைகளை எப்போது திரும்ப அழைத்து வரலாம் என்று தெரிவிக்கவும்."

ஆபீஸில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். கடிதத்தைப் பெரிதாக்கித் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டியும் விட்டார்கள். சித்தப்பா மட்டும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, மாடி அறையில் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஆளு மேல தப்பே இல்ல, வாலு," என்றார் என்னிடம். வாலு என்றால் நான். "நான் எழுதினதை எழுத்து பிசகாமச் செஞ்சிருக்கார். பெட்டியத் தூக்கி உசரத்துல வைங்கன்னு நான் எங்கயும் எழுதல."

"மூணு மாசம் வீடு அமைதியா இருந்திருக்கும் சித்தப்பா. உங்களுக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே தன் கையால் பதில் எழுதி, தானே தபாலில் போட்டார். பிள்ளைகளை இன்றே கூட்டி வாருங்கள், பெட்டியை அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள் என்று. பிறகு, இப்படி ஒரு விபத்து நடக்கவே முடியாத பாஷை ஏதாவது இருக்கிறதா என்று இணையத்தில் தேட ஆரம்பித்தார். இணையத்திடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைத் தேடினாலும் கொடுத்துவிடும்.

கொடுத்தது. யாரோ ஒரு கணக்கு வாத்தியார் வேலை வெட்டி இல்லாத நேரத்தில் உட்கார்ந்து உண்டாக்கிய பாஷை. அதில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். யார், என்ன, எப்போது என்பதோடு, அது உனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழை பெய்கிறது என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும், அல்லது கொடியில் கிடக்கும் துணியை எடுக்க அண்ணி ஓடுவதை வைத்து ஊகிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சித்தப்பா அதற்குத் தெளிமொழி என்று பெயர் வைத்தார். அப்பா ரோபோ பாஷை என்று பெயர் வைத்தார்.

"டேய், பேசுறதுக்கு ஆளே இல்லாத பாஷைய எதுக்குடா படிக்கிற?"

"எட்டுப் பேர் இருக்காங்கண்ணே. என்னோட ஒம்போது."

"அப்ப ஒரு வேன்ல அடங்கிரும்," என்றார் அப்பா.

அந்தப் பாஷையைப் படிக்கப் படிக்க, இந்தப் பாஷையில் அவரோடு பேசுவது கஷ்டமாகிவிட்டது. ஒரு நாள் அம்மா அடுப்படியிலிருந்து, "தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எந்தக் காலத்தைக் கேக்குறீங்க அண்ணி? இன்னைக்கு மத்தியானத்தையா, பொதுவாவா?"

"பொதுவாத்தான்."

"பொதுவா சாப்பிட்டிருக்கேன்."

"அப்பச் சரி," என்று அம்மா பாத்திரத்தை மூடிவிட்டாள். அன்றைக்கு அவர் கடையில் பிஸ்கட் வாங்கித் தின்றார். அதற்குப் பிறகு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் 'இல்ல அண்ணி' என்று ஒழுங்காகப் பதில் சொல்லப் பழகிக்கொண்டார். பசிக்கு முன்னால் தெளிமொழி கொஞ்சம் இறங்கித்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவர்கள் ஒன்பது பேரும் கணினியில் கூடுவார்கள். ஒன்பது கட்டம், ஒன்பது முகம். பெயர் வைத்துக் கூப்பிட மாட்டார்கள். பெயருக்கு அர்த்தம் கிடையாதாம், தொழிலுக்கு உண்டாம். அதனால் தீயணைப்பு, தேனீக்காரம்மா, பல் டாக்டரம்மா, டைல்ஸ்காரர். எங்கள் சித்தப்பா, தாள்காரர். ஆளுக்கு ஒரு தேசம். ஒருவருக்குப் பின்னால் விடிந்துகொண்டிருக்கும், இன்னொருவருக்குப் பின்னால் இருட்டிக்கொண்டிருக்கும். எங்கள் கட்டத்தில் என் அம்மாவின் புடவை காயும்.

முதல் தடவை எட்டிப் பார்த்தபோது பயந்துவிட்டேன். ஒருவரும் வணக்கம்கூடச் சொல்லாமல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன சண்டை என்று கேட்டேன். சண்டை எதுவும் இல்லை, வணக்கம் சொல்வதை ஓட்டுப் போட்டு நீக்கிவிட்டோம் என்றார் சித்தப்பா. தீயணைப்பு கொண்டுவந்த தீர்மானம். எரிகிற வீட்டுக்குள் போகும்போது வணக்கமா சொல்கிறோம் என்று கேட்டாராம். நடுவில் பல் டாக்டரம்மா தும்மினாள். உடனே பேச்சு நின்றது. 'இப்போது என்னிடமிருந்து வந்தது தும்மல். கருத்து அல்ல' என்று அவள் அறிவித்த பிறகுதான் மறுபடி தொடங்கியது.

வைத்திருந்த விதிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன், கதைக்கு அது போதும். எதை ஒப்புக்கொள்வதானாலும் ஒன்பது பேரும் பச்சை அட்டை தூக்க வேண்டும். ஒரே ஒரு சிவப்பு வந்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். இன்னொன்று, சிவப்பு தூக்கியவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது, அவர் யார் என்று சுட்டிக்காட்டவும் கூடாது. அது நெருக்குவதாகிவிடுமாம். 'எட்டு சம்மதம், ஒன்று மறுப்பு' என்று தீயணைப்பு அறிவிப்பார். அத்தோடு சரி.

பக்கத்தில் உட்கார்ந்து கேலி பண்ணிப் பண்ணியே அந்தப் பாஷை எனக்கும் பாதி ஒட்டிக்கொண்டது. பத்தாம் வகுப்பில் வராத இலக்கணம் எல்லாம் இதில் வந்தது. இதை நான் வெளியில் சொல்வதில்லை.

இப்போது கண்ணாடிக்கடைக்கு வருகிறேன்.

சித்தப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று யாரும் கேட்பதும் நின்று பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் தெரு போய் முட்டுகிற சந்தியில் ஒரு கண்ணாடிக்கடை இருக்கிறது. பெரிய கம்பெனி ஒன்றின் கிளை. கண் பரிசோதிக்கிற அக்காவுக்குச் சித்தப்பாவைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். கழுத்தில் கயிறு கட்டி ஒரு கண்ணாடி, தலைமேல் ஏற்றிய இன்னொரு கண்ணாடி. போட்டுக்கொள்வது மூன்றாவதை. தூரத்து எழுத்து மங்குகிறது என்று சித்தப்பா ஒரு நாள் அங்கே போனார். நானும் கூடப் போயிருந்தேன், விலை கூடிய ஃப்ரேம்களைப் போட்டுப் பார்த்துவிட்டு வைக்கலாமே என்று.

தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லிவிட்டு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டாள் அக்கா. "இது ஒண்ணு. இது ரெண்டு. எது தெளிவா இருக்கு?"

"தெளிவுன்னா? எழுத்தோட ஓரம் கூர்மையாத் தெரியுறதா, இல்ல வாசிக்க முடியுறதா மேடம்?"

"சார், ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. ஆனா எது நல்லதுன்னு எதுக்காகப் பாக்குறோம்ங்கிறதை வச்சுத்தான சொல்ல முடியும்?"

வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் எழுந்து போய்யா என்றிருப்பார்கள். அக்கா லென்ஸைக் கழற்றினாள், துடைத்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சரி. நீங்க எதுக்காகப் பாக்குறீங்க?"

பிறரிடம் இப்படிக் கேட்டே பழகியவரை அதுவரை யாரும் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை போல. தாடை தாங்கியிலேயே இருந்தது, வாய் மட்டும் திறந்திருந்தது.

அந்த வருடத்தில் அவர் ஐந்து முறை கண் பரிசோதனைக்குப் போனார். பார்வை அப்படியேதான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கண் கெட்டுப்போக அது என்ன தக்காளியா என்று அம்மா கேட்டாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆறாவது முறை போகிறதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள் என்றேன்.

"கேக்கத்தான் போறேன். வாக்கியம் ஒப்புதலுக்குப் போயிருக்கு," என்றார் சித்தப்பா.

எங்கே போயிருக்கிறது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் குழுவிடம். இந்த மனிதர், ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வியை, உலகம் முழுக்க இருக்கும் எட்டுப் பேரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லியிருந்தார். கேட்டால் ஒரு பதில் சொன்னார், அதற்குமேல் என்னால் கேலி பண்ண முடியவில்லை.

"நான் தப்பா எழுதி ஒரு வீட்டுல ரெண்டு பிள்ளைங்க மூணு மாசம் வெளிய இருந்துச்சுங்க, வாலு. அது வெறும் இஸ்திரிப்பெட்டி. இது அவங்க வாழ்க்கை."

முதல் வரைவு 'நாம் சேர்ந்து வாழலாமா' என்பது. எந்தத் தேதியிலிருந்து என்று இல்லாததால் விழுந்தது. இரண்டாவதில் தேதி இருந்தது, எந்த வீட்டில் என்று இல்லை. மூன்றாவதில் வீட்டு வரைபடமே இருந்தது. குளியலறை எந்தப் பக்கம் என்பதில் மூன்று வாரம் போயிற்று. நான்காவது வரைவில் தேனீக்காரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனையையும் அடித்துவிட்டு, 'நான் உங்களோடு வாழ விரும்புகிறேன். நீங்கள் என்னோடு வாழ விரும்புகிறீர்களா?' என்று இரண்டே வரி வைத்தாள். எல்லோருக்கும் பிடித்தது. ஓட்டு எடுத்தார்கள். எட்டு சம்மதம், ஒன்று மறுப்பு.

மறுத்தது டைல்ஸ்காரர். எங்கோ கடலோர ஊரில் குளியலறை டைல்ஸ் விற்கிறவர். பெரிய மீசை, சாந்தமான முகம். அட்டைக்குப் பதிலாகத் தன் கடையின் மாதிரி டைல்ஸ் இரண்டை வைத்திருந்தார், ஒன்று செங்கல் சிவப்பு, ஒன்று பாசிப் பச்சை. புன்னகையோடு தலையை ஆட்டிக்கொண்டே சிவப்பைத் தூக்கினார். ஏன் என்று கேட்கக் கூடாது. எனவே என்ன குறை என்று எட்டுப் பேரும் தாங்களே யோசித்து, தாங்களே கண்டுபிடித்து, தாங்களே திருத்தினார்கள். ஐந்தாவது வரைவு. சிவப்பு. ஆறாவது. சிவப்பு.

இப்படி ஏழு மாதம். வாக்கியம் சீக்காளி வயிறு மாதிரி வீங்கிக்கொண்டே போனது. எந்த அறைக்கும் இரண்டு வாசல் வேண்டும் என்று தீயணைப்பு பிடிவாதம் பிடித்து, சேர்ந்தவர்கள் பிரிந்து போவதற்கும் ஒரு பிரிவைச் சேர்த்தார். காலையில் யார் முதலில் எழுவது என்பதற்கு ஒரு இணைப்பு. குறட்டைக்கு ஒரு இணைப்பு. முப்பத்தோராவது வரைவு பதினாறு பக்கம். அதற்கும் எட்டு சம்மதம், ஒன்று மறுப்பு.

"அந்த மீசைக்காரருக்கு என்னதான் வேணுமாம்?" என்றேன்.

"அவர் நம்மள விட ஆழமா யோசிக்கிறார்," என்றார் சித்தப்பா மரியாதையாக.

அந்த வாரம்தான் கண்ணாடிக்கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், கண் பரிசோதகர் தேவை என்று. விசாரித்தேன். அக்காவை வேறு ஊர்க் கிளைக்குப் பொறுப்பாளராக வரச் சொல்லியிருக்கிறார்களாம். போகிறேன் அல்லது இல்லை என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். "இங்க இருக்கணும்னு பெருசா ஒண்ணும் இல்ல. போயிரலாம்னுதான் நினைக்கிறேன்," என்று சொல்லியிருக்கிறாள், வாசலில் சாவி வெட்டுகிறவரிடம்.

நான் ஓடி வந்து சொன்னேன். சித்தப்பா முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் ஒப்புதல் ஆகாத வாக்கியத்தை அவர் வாயால் சொல்ல மாட்டார். கடைசியாக ஒரு வழி இருந்தது. அவர்கள் விதியில் அதற்கு அந்நியர் சோதனை என்று பெயர். மறுப்பு வந்த வாக்கியத்தை உள்ளூர்ப் பாஷையில் மாற்றி, சம்பந்தமே இல்லாத மூன்று பேரிடம் கொடுக்க வேண்டும். படித்ததும் என்ன புரிந்தது என்று ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் சிவப்பு அட்டை செல்லாது. ஆனால் எழுதியவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. அவர் மூஞ்சியைப் பார்த்தே புரிந்துகொண்டுவிடுவார்களாம். அதனால் பதினாறு பக்கத்தையும் என்னிடம் கொடுத்தார். பெயர்களை எடுத்துவிட்டு முதலாமவர், இரண்டாமவர் என்று போட்டிருந்தார்.

போகிற வழியில் நானும் படித்தேன். சிரிக்கத்தான் படித்தேன். ஏழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'முதலாமவர் குறட்டை விடுவார். ஆதாரம்: அவருடைய அண்ணன் சொன்னது, தூங்கும்போது அவர் தன்னைப் பார்த்ததில்லை.' ஒன்பதாம் பக்கத்தில்: 'தனியாக இருப்பது தனக்குப் பிடித்திருக்கிறது என்று முதலாமவர் பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறார். இதற்கு ஆதாரம் தேடினார். கிடைக்கவில்லை.' அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் நான் ஒன்றும் படிக்கவில்லை, கண்ணில் தூசி. ஆதாரம் கேட்காதீர்கள்.

முதல் அந்நியர் சலூன்காரர். ஒரு தலையைப் பாதியில் விட்டுவிட்டு முழுக்கப் படித்தார். எழுதினார்: 'இரண்டு பேர் சேர்ந்து வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள். ஒருத்தர் குறட்டை விடுவார், முன்பே சொல்லிவிட்டார், நல்ல மனிதர்.'

இரண்டாவது அந்நியர் வங்கி வாசலில் நிற்கிற காவலாளி. 'வேலைக்கு மனு. தன் குறைகளைத் தானே சொல்லியிருக்கிறார். எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அங்கேயே சோதனை தோற்றுவிட்டது. மூன்றாவது ஆளுக்கு வேலையே இல்லை. ஆனால் மூன்று பேர் என்பது விதி, விதியை மதிக்க வேண்டும் என்று எனக்குத் திடீரென்று தோன்றியது. நேராகக் கண்ணாடிக்கடைக்குப் போனேன். குறும்புக்குத்தான் போனேன், வேறு எதுவும் இல்லை.

"என்ன பாப்பா, சித்தப்பாவுக்கு மறுபடி கண்ணு மங்குதா?"

"இல்லக்கா. ஒரு சோதனை. இதைப் படிச்சுட்டு என்ன புரிஞ்சதுன்னு ஒரு வரி எழுதணும். யார் எழுதினதுன்னு சொல்லக் கூடாது."

அக்கா மூன்று கண்ணாடியில் சரியானதைத் தேடிப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதிமூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். 'இது ஒண்ணு, இது ரெண்டு, எது தெளிவா இருக்கு என்று கேட்கும்போது இரண்டாமவரின் குரல் கடைசியில் கொஞ்சம் மேலே போகும். ஆதாரம்: நேரில் கேட்டது, ஐந்து முறை.'

அந்தப் பக்கத்தை அவள் இன்னொரு முறை படித்தாள். பிறகு, மருந்துச் சீட்டு எழுதுவது போல மேசை ஓரத்தில் வைத்து எழுதினாள்: 'இவருடைய கண்ணில் ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை கடை மூடுவதற்குள் வரச் சொல்லவும்.'

வீட்டில் அதைப் படித்ததும் சித்தப்பா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"இது யாரு எழுதினது?"

"மூணாவது அந்நியர்."

"வாலு, அவங்க அந்நியர் இல்லையே. சோதனையே செல்லாதே."

"சித்தப்பா, அவங்க உங்கள வரச் சொல்லியிருக்காங்க."

"எதுக்குன்னு எழுதலையே. காரணம் இல்லாத அழைப்பு இது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கீழேயிருந்து அம்மா, "ஏங்க தம்பி, அந்தப் பொண்ணு வரச் சொன்னா போறதுதான? அங்க என்ன கிணறா வெட்டியிருக்கு?" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று சித்தப்பா திகைத்தார். தெரு முழுக்கத் தெரியும். தெரியாதவர்கள் உலகம் முழுக்க எட்டுப் பேர்தான் இருப்பார்கள் என்று பார்த்தால், அவர்களுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனார். இஸ்திரி போட்ட சட்டை, காலரில் ஒரு சின்னச் சூட்டுக் கறை. பதினாறு பக்கமும் உறைக்குள். நான் ஃப்ரேம் பார்க்கிற சாக்கில் கண்ணாடித் தட்டுப் பக்கம் நின்றேன். அங்கிருந்த கண்ணாடி ஒவ்வொன்றிலும் அவர்கள் இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

அவர் உறையைப் பிரிக்கப் போனார். அக்கா வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "தாடைய இங்க வைங்க சார்," என்றாள்.

வைத்தார். தாடை தாங்கியில், நெற்றி பட்டையில். தலை ஆட்ட முடியாது. கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய படிவம் அவள் கைக்குப் பக்கத்தில் எழுதாமல் கிடந்தது.

லென்ஸ் எதுவும் போடாமல், வெறும் வட்டத்தைக் கண் முன்னால் வைத்தாள். "இது ஒண்ணு. நான் அந்த ஊருக்குப் போறேன்." வட்டத்தை நகர்த்தினாள். "இது ரெண்டு. நான் இங்கயே இருக்கேன். எது நல்லா இருக்கு?" கடைசியில் குரல் கொஞ்சம் மேலே போனது.

இப்போது இந்த ஆள், நல்லா என்றால் யாருக்கு நல்லா, எந்த வகையில் நல்லா, எவ்வளவு காலத்துக்கு நல்லா என்று கேட்கப் போகிறார். கேட்டால் கையிலிருக்கிற ஃப்ரேமை அவர் தலையில் எறிவது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

"ரெண்டு," என்றார் சித்தப்பா.

"நிதானமாப் பாத்துச் சொல்லுங்க சார். திரும்ப வைக்கவா?"

"வேணாம் மேடம். ரெண்டு."

அக்கா படிவத்தை இழுத்து ஒரே ஒரு சொல் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'இல்லை' என்று இருந்தது. பிறகு பதினாறு பக்கத்தையும் எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இதை நான் வச்சுக்கிறேன். குறட்டை விஷயம் பேச வேண்டியிருக்கு."

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே. விதிப்படி, ஒப்புதல் இல்லாத வாக்கியத்தின் விளைவு குற்றமாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சித்தப்பா தண்டனைக்குப் போகிறவர் மாதிரி கணினி முன்னால் உட்கார்ந்தார். அக்காவும் வந்திருந்தாள். அம்மா அன்றைக்குப் புடவையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாற்காலி போட்டிருந்தாள்.

நடந்ததைச் சித்தப்பா தெளிமொழியில் சொன்னார், பார்த்தது எது, கேட்டது எது என்று பிரித்து. தீயணைப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'இது அழுகை, புகை அல்ல' என்று அறிவித்தார். நடந்ததைக் குழு ஏற்கிறதா என்று ஓட்டு எடுத்தார்கள். எட்டுப் பச்சை. டைல்ஸ்காரர் மீசைக்குள் சிரித்தபடி, தலையை ஆட்டியபடி, சிவப்பைத் தூக்கினார்.

"இவர் ஏன் சிரிச்சுக்கிட்டே வேணாம்ங்கிறார்?" என்றாள் அக்கா.

"அப்படிக் கேக்கக் கூடாது," என்று சித்தப்பா பதறினார். "விதி."

"நான் உங்க குழுவுல இல்லையே. கேளுங்க."

ஏழு மாதத்தில் முதல் தடவையாக, அக்காவின் கேள்வி என்று சொல்லிச் சித்தப்பா கேட்டார். டைல்ஸ்காரர் குழம்பினார். நான் எங்கே வேண்டாம் என்றேன், நான் சம்மதம்தானே சொல்கிறேன் என்றார். அக்கா தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள். ஒரு பக்கத்தைத் திரைக்கு நேரே காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்கச் சொன்னாள். எட்டுப் பேர் எண்ணைச் சொன்னார்கள். டைல்ஸ்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, 'புள்ளிகள்' என்றார். 'ஆதாரம்: நேரில் பார்க்கிறேன்.'

"சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியாது இவருக்கு," என்றாள் அக்கா. "இவர்தான் டைல்ஸ் விக்கிறாரா?"

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. கடையில் டைல்ஸுக்குப் பின்னால் எண் இருக்கும், அதை வைத்து அவர் விற்றுவிடுவார். ஓட்டுக்கு என்று இரண்டை எடுத்துக் கொடுத்தது கடையின் கணக்குப்பிள்ளை. மேசைக்கு எதிரே நின்று, பச்சை இடது பக்கம், சிவப்பு வலது பக்கம் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய இடது, இவருடைய வலது. உலகத்திலேயே குழப்பமில்லாத பாஷையைப் பேசுகிறவர்களுக்கு நடுவில் இத்தனை காலமாக அந்த இரண்டு டைல்ஸும் உட்கார்ந்திருந்தன. எட்டு சம்மதம், ஒன்று மறுப்பு என்று கேட்கும்போதெல்லாம், யார் இந்தக் கல்நெஞ்சு என்று டைல்ஸ்காரரும் வருத்தப்பட்டிருக்கிறார்.

'யார் என்று ஊகித்தீர்கள்?' என்று கேட்டாள் பல் டாக்டரம்மா.

'உங்களைத்தான்,' என்றார் டைல்ஸ்காரர். தெளிமொழியில் பொய் சொல்வது கஷ்டம்.

அந்த டைல்ஸ் வந்ததிலிருந்து அவர் உண்மையாகவே எதிர்த்தது ஒன்றே ஒன்றைத்தானாம். வணக்கம் சொல்வதை நீக்குகிற தீர்மானத்தை. அது ஒன்றுதான் நிறைவேறியது.

சித்தப்பா பழைய காகிதங்களைப் புரட்டினார். அப்படியென்றால் நான்காவது வரைவே ஒப்புதல் ஆகியிருக்கிறது. இரண்டு வரி. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சும்மா பாத்துக்கிட்டு இருந்தா எப்படி சார்," என்றாள் அக்கா. "வாசிங்க."

அம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். அப்பா பேப்பரை மடித்தார்.

"நான் உங்களோட வாழ விரும்புறேன்," என்றார் சித்தப்பா. "நீங்க என்னோட வாழ விரும்புறீங்களா?"

"ம். தெளிவா இருக்கு," என்றாள்.

இதைப் பதிவு செய்யலாமா என்று தீயணைப்பு ஓட்டுக்கு விட்டார். எட்டுப் பச்சை எழுந்தது. டைல்ஸ்காரர் இரண்டு டைல்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பழக்கத்தை விட முடியாமல், ஏழு மாதமாகத் தூக்குகிற கையையே தூக்கினார். சிவப்பு. எல்லோரும் கை தட்டினார்கள்.